காசிநாதன் நல்லா இருக்குதுன்னு சொன்ன படம்

கண் ஆபரேஷன் ஒழுங்காக நடந்ததா என்று சோதித்துப் பார்க்கத்தான் காசிநாதன் சினிமாவுக்குப் போனார். ஆஸ்பத்திரியில் ஒரு பலகையைக் காட்டி எழுத்தைப் படிக்கச் சொன்னார்கள். அவர் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தறியில் உட்கார்ந்தவர். பலகையில் இருந்ததோ இங்கிலீஷ். படிக்க முடியாமல் போனது கண்ணின் குற்றமா படிப்பின் குற்றமா என்று யாருக்குத் தெரியும்? "சூப்பரா இருக்குது பெரியவரே" என்று டாக்டர் தோளில் தட்டினார். தோளில் தட்டுகிற ஆட்களைக் காசிநாதன் நம்புவதில்லை. ஒரு வாரம் கழித்து, பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துத் தியேட்டரில் டிக்கெட் எடுத்துக் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கதாநாயகியின் அம்மா கட்டியிருந்த பட்டுச் சேலையைப் பார்த்தார். விசைத்தறிச் சேலை. அவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்தது. கண் சரியாகத்தான் இருக்கிறது என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டார்.

சோதனை முடிந்த பிறகும் பழக்கம் விடவில்லை. இரண்டு வருடமாக, புதுப் படம் எது வந்தாலும் சனிக்கிழமை மதியக் காட்சிக்குப் போய்விடுவார். கூடவே டேனியல். ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், ஐம்பது வயதுக்காரன். எந்தப் படமானாலும் அவனுக்குப் பிடிக்கும். எந்தப் படமானாலும் அழுவான். காசிநாதனுக்கு எதுவும் பிடிக்காது. அதனாலேயே இருவருக்கும் ஒத்துப்போனது.

பிள்ளையார்பாளையத்து வீட்டில் கூடத்தை அடைத்துக்கொண்டு இரண்டு தறிகள். ஒன்று காசிநாதனுடையது. ஆபரேஷனுக்குப் பிறகு காலையில் மட்டும் அதில் உட்காருவார். இன்னொன்று மருமகள் வள்ளியுடையது. மகன் முத்துக்குமார் ஒரகடத்தில் கம்பெனி வேலை, ஷிப்டு மாறி மாறி வரும். அதனால் படம் பார்த்துவிட்டு வருகிற மாமனாரிடம் கதை கேட்கிற வேலை வள்ளிக்குத்தான். தறியில் நாடாவைத் தள்ளி நெய்துகொண்டே கேட்பாள்.

"படம் எப்டி மாமா?"

"பாதி ஊர சுட்டுத் தள்ளிட்டான். பொணத்தையெல்லாம் எவன் எடுத்தான்னு காட்டவே இல்ல."

"கதாநாயகி?"

"பாவம், ரெண்டு பாட்டுக்கு வந்துச்சி. அப்புறம் அதுக்கு சோறு போட்டாங்களா இல்லியான்னே தெரியல."

பேய்ப் படம் பார்த்த அன்று இன்னும் கோபமாக வந்தார். "இருவது வருசமா ஒரு வூட்லயே குந்திக்கினு இருக்குது, பழி வாங்கணும்னு. கொன்னவன் மெட்ராஸ்ல இருக்கறான். பஸ் ஏறிப் போவ வேண்டியதுதான? பேய்கிட்ட எவன் டிக்கெட் கேக்கப் போறான்?"

இரண்டு பாகமாக வந்த ஒரு ராஜா படத்தை அவர் மன்னிக்கவே இல்லை. "மூணு மணி நேரம் ஓட்டிட்டு, மீதிய அடுத்த வருசம் வந்து பாருங்கறான். பாதி சேலைய அறுத்துக் குடுத்து, மீதி அடுத்த தீபாவளிக்குன்னு நாம சொன்னா எவனாவது வாங்குவானா?"

நெசவாளி கதாநாயகன் ஒருவன் வந்த படத்துக்குப் போய், பாதியிலேயே எழுந்து வந்துவிட்டார். "தறியில குந்திக்கினு காதலிக்கு லெட்டர் எழுதறான்மா. காலு மிதியிலயே இல்ல. மிதிக்காமலே நாடா அதும்பாட்டுக்குப் போவுது!"

வள்ளி சிரிக்கிற சிரிப்பில் தறி நின்றுவிடும். தறி நிற்கிற அந்தச் சத்தமில்லாத நேரத்துக்காகத்தான் காசிநாதன் அவ்வளவு திட்டினார் என்று சொன்னாலும் தப்பில்லை. அதை அவரிடம் சொன்னால் அடிக்க வருவார்.

இப்படி இருக்கையில், பங்குனி மாதம், வள்ளிக்குப் பாவு நூல் கொடுத்து நெய்யவைக்கிற முதலாளி ஒரு இளைஞனைக் கூட்டிக்கொண்டு வந்தார். சினிமாவில் உடை பார்க்கிறவனாம். கல்யாணச் சேலை ஒன்று வேண்டும், கைத்தறியே வேண்டும் என்றான். மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை, கரையில் மயில்கண் வேலைப்பாடு. "க்ளைமாக்ஸ்ல வருதுக்கா. கல்யாண சேலை. படமே அதுலதான் நிக்குது" என்று சொல்லி, வள்ளி நெய்வதைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போனான். அவன் தலை மறைந்ததும் காசிநாதன், "சினிமாக்காரன் பேச்சு. பொம்மைக்குக் கட்டுவானோ என்னவோ" என்றார்.

வள்ளி காதில் வாங்கவில்லை. இருபத்திரண்டு நாள் நெய்தாள். சேலை தறியை விட்டு இறங்கிய அன்று, ஓரத்தில் மஞ்சள் தடவி, மடித்துக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"இதாவது கல்யாணத்துக்குப் போவுதே மாமா."

அந்த 'இதாவது' அவருக்கு எங்கே போய்த் தைக்க வேண்டுமோ அங்கே போய்த் தைத்தது.

ஆறு வருடத்துக்கு முன்னால், ஆடி மாதம். வள்ளி இந்த வீட்டுக்கு வந்து நெசவு பழகி, முதன்முதலாகத் தனியாக முடித்த சேலை அரக்கில் பச்சைக் கரை. அன்று சாயங்காலம் காசிநாதன் அதை விரலால் தடவிக்கொண்டே போய், முந்திக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தி, "இங்க ஒரு இழ தப்பிருக்குது" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலையில் அவர் மனைவி சங்கரி எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டாள். தாமலிலிருந்து அவள் அண்ணன், உடல் மேல் போடப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு வந்து சேர்ந்தார். புருஷன் வீட்டுச் சேலை எங்கே என்று பெரியவர்கள் கேட்டபோது, காசிநாதன் அலமாரியைத் திறந்து, வள்ளி நெய்த அந்தச் சேலையை எடுத்துவந்து போட்டார். அது சங்கரியோடு போய்விட்டது.

பழுதுள்ள சேலை, முதலாளி வாங்க மாட்டார், அதனால் பிணத்துக்குப் போட்டுவிட்டார். வள்ளி அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். வாய் திறந்து ஒரு நாளும் கேட்டதில்லை. முத்துக்குமார்தான் ரொம்ப நாள் கழித்துச் சொன்னான்: "வள்ளி மனசுல அது இருக்குதுப்பா. தான் நெய்த மொத சேல பொணத்துக்குத்தான் லாயக்குன்னு நீ நெனச்சிட்டியாம்." காசிநாதன், "அதுக்கு இப்ப இன்னான்ற?" என்று எழுந்து போய்விட்டார். விஷயம் அப்படியில்லை. ஆனால் எப்படி என்று எடுத்துச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. திட்டுவதற்கு மட்டும்தான் அந்த வாய் பழகியிருந்தது.

ஐப்பசியில் படம் வெளியானது. எதிர்வீட்டு சுகாசினி போனிலேயே ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குப் பதினெட்டு டிக்கெட் போட்டாள். "தெருவே போவுதுடி வள்ளி. உன் சேல வர்றப்ப விசில் அடிக்கப் போறேன்" என்றாள்.

காசிநாதன் ஞாயிறு வரை பொறுக்கவில்லை. சேலை வருகிறதா, வெட்டித் தூக்கிவிட்டார்களா என்று முதலில் தான் பார்த்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை பகல் காட்சிக்கே டேனியலை இழுத்துக்கொண்டு போனார்.

படத்தில், இட்லிக் கடை வைத்திருக்கிற ஓர் அம்மா, அவளுக்கு ஒரே பெண். பெண்ணின் கல்யாணத்துக்கென்று அம்மா ஒரு பட்டுச் சேலை வாங்கி டிரங்குப் பெட்டியில் வைக்கிறாள். மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. திரையில் அது வந்ததும் காசிநாதன் டேனியலின் தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். பிறகு அம்மாவுக்கும் பெண்ணுக்கும் சண்டை. பெண் ஊரை விட்டுப் போகிறாள். கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை. பத்து வருடம் கழித்து அவள் திரும்பி வருகையில் அம்மா செத்துக் கிடக்கிறாள். பெண் பெட்டியைத் திறக்கிறாள். சேலையை எடுத்து, பிரித்து, அம்மாவின் மேல் போடுகிறாள்.

பாட்டில்லை, பின்னணியில் சத்தமில்லை. கேமரா அந்த மயில்கண்ணைப் பிடித்துக்கொண்டு மெல்லப் போனது. ஒரு சேலையை அவ்வளவு பொறுமையாக எந்தக் கடைக்காரனும் பார்த்து அவர் கண்டதில்லை. தியேட்டரில் ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை. காசிநாதனுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்ட மாதிரி எல்லாம் கலங்கித் தெரிந்தது.

"நைனா," என்று டேனியல் மூக்கை உறிஞ்சினான், "அழுவறியா?"

"ஏசி காத்துடா."

வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்ததும்தான் அவருக்கு உறைத்தது. படம் நன்றாக இருக்கிறது. அதுதான் ஆபத்து. வள்ளியின் இந்தச் சேலையும் பிணத்துக்கே போயிருக்கிறது. தெருவே பார்க்க, வள்ளி அதைப் பார்க்கப் போகிறாள்.

"டேனியலு, ஞாயித்துக்கெழம அதுங்க போவக் கூடாது."

"நீ சொன்னா கேட்டுக்கப் போவுதுங்க. படம் குப்பன்னு சொல்லு."

சொன்னார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார். "படம் உருப்படாது. யாரும் போவாதீங்க."

வள்ளி தறியிலிருந்து குதிக்காத குறையாகக் கேட்டாள். "சேல வந்துச்சா மாமா?"

"வந்துது. படம் குப்ப."

"எந்தப் படத்த நீங்க குப்ப இல்லன்னு சொன்னீங்க?" என்று சிரித்தாள். எதிர்வீட்டு வாசலிலிருந்து சுகாசினி குரல் கொடுத்தாள். "பெரியப்பா திட்னாருன்னா படம் ஓடும்டி! போன தபா அவரு காறித் துப்புனது அம்பது நாளு ஓடிச்சி!"

இரண்டு வருடமாக நல்லது கெட்டது பார்க்காமல் எல்லாப் படத்தையும் திட்டித் தீர்த்ததில், வேண்டிய நேரத்துக்கு ஒரு திட்டு மிச்சமில்லாமல் போய்விட்டது. சீட்டில் மூட்டைப்பூச்சி என்றார். பவுடர் போட்டுக்கொண்டு போகிறோம் என்றார்கள். ஏசி ஓடவில்லை என்றார். விசிறி எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். டேனியலைவிட்டு ஆட்டோ ரிப்பேர் என்று சொல்லவைத்தார். நடந்தே போய்விடுகிற தூரம்தானே என்றாள் சுகாசினி.

சனிக்கிழமை மதியம். தறி ஓடிக்கொண்டிருந்தது. காசிநாதன் எதிரே உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"மாமா, நெஜமாவே அவ்ளோ மோசமா?" என்றாள் வள்ளி. "சும்மா சொல்லுங்க. எப்டி இருக்குது படம்?"

இன்னொரு தரம் குப்பை என்று சொல்ல வாயெடுத்தார். அந்த மயில்கண் கண்ணுக்குள் வந்து நின்றது. சொல்ல முடியவில்லை.

"நல்லா இருக்குது" என்றார்.

தறி நின்றது.

இந்தத் தடவை சிரிப்புச் சத்தம் வரவில்லை. வள்ளி நாடாவைக் கையில் பிடித்தபடி அவரையே பார்த்தாள்.

"இன்னா சொன்னீங்க?"

"படம் நல்லா இருக்குதுன்னேன்."

"உடம்பு கிடம்பு சரியில்லியா மாமா?"

"எனக்கு இன்னா கேடு?"

நாடாவைக் கீழே வைத்தாள். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள். "என் சேலைய இன்னா பண்ணாங்க மாமா?"

வெற்றிலை மடிப்பு கையிலேயே இருந்தது. "நாளைக்கிப் பாரு" என்றார் கடைசியில். "நானும் வரேன்."

ஞாயிறு மதியம் தெருப் பெண்கள் பதினெட்டு பேரும் இரண்டு வரிசை பிடித்து உட்கார்ந்தார்கள். முத்துக்குமாருக்குப் பகல் ஷிப்டு. காசிநாதன் தனி டிக்கெட் எடுத்துக்கொண்டு நேரே வந்து சுகாசினியை எழுந்திருக்கச் சொன்னார்.

"பெரியப்பா, பொம்பளைங்க வரிசையில உங்களுக்கு இன்னா வேல?"

"எழுந்திரும்மா. அந்தாண்ட குந்து."

பின் வரிசையில் டேனியல் இன்றைக்கும் வந்திருந்தான், துண்டோடு.

டிரங்குப் பெட்டிக்குள் சேலை போன காட்சியில் சுகாசினி சொன்னபடி விசிலடித்தாள். வரிசை முழுக்கக் கைதட்டியது. வள்ளி காசிநாதன் பக்கம் திரும்பிப் பல் தெரியச் சிரித்தாள். அவர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இடைவேளையில் அவள் பாப்கார்ன் நீட்டியபோது வேண்டாம் என்றார்.

அம்மா செத்துக் கிடந்தாள். பெண் பெட்டியைத் திறந்தாள். சேலை விரிந்து இறங்கியது.

வள்ளியின் கையிலிருந்த பொட்டலம் மடியில் சாய்ந்தது.

"இதுவுமா" என்றாள். பக்கத்தில் இருந்தவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

காசிநாதன் தொண்டையைச் செருமினார். அமைதியான தியேட்டரில் அது பெரிய சத்தமாகக் கேட்டது.

"வள்ளி. அன்னிக்கி அலமாரியில மூணு சேல இருந்துது."

அவள் திரும்பவில்லை.

"ரெண்டு நான் நெய்தது. ஒரு இழ தப்பு கெடயாது. ஒண்ணு உன்னுது."

முன் வரிசையில் ஒரு ஆள் திரும்பினான். "பெருசு, கம்முனு படத்த பாரு."

"நீ படத்த பாருடா. நான் பாத்துட்டேன்." காசிநாதன் குரலைத் தாழ்த்தினார். "தப்பு இருக்குதுன்னு நான் சொன்னவுடனே நீ மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு உள்ள போயிட்ட. உங்க அத்த அந்தச் சேலைய மடியில போட்டுக்கினா. தடவுறா, தடவுறா, கீழ வெக்க மாட்டேன்றா. 'நாப்பது வருசமா நீ நெய்ற, ஒண்ணாவது கட்டிக்கணும்னு எனக்குத் தோணிச்சா? இத பாத்தா கட்டிக்கணும் போல இருக்குதுய்யா'ன்னா. எனக்கு எப்டி இருக்கும்? இழ தப்பிருக்குதுன்னு மறுக்கா சொன்னேன். 'ஒரு இழைய வெச்சிக்கினு அந்தப் பொண்ண அழ வெச்சிட்டியே. காலைல நல்லா இருக்குதுன்னு அதாண்ட சொல்லு'ன்னா. சரி சொல்றேன்னேன்."

திரையில் கேமரா கரையோடு போய்க்கொண்டிருந்தது.

"விடிஞ்சா அவ இல்ல."

பின்னால் டேனியல் துண்டுக்குள் விம்மினான். படத்துக்கா, இதற்கா, தெரியவில்லை.

"ஆசப்பட்டா. அதான் கட்டி அனுப்ச்சேன். உனக்குத் தெரியும்னு நெனச்சிக்கினு இருந்தேன். தெரியலன்னு தெரிஞ்சப்புறம் எப்டி சொல்றதுன்னு புரியல." திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சொல்றேன்னு அவளாண்ட சொன்னத இப்ப சொல்றேன். நல்லா இருந்துதும்மா. என்னுத விட நல்லா இருந்துது."

வள்ளி இப்போது அவர் பக்கம் திரும்பினாள். திரையின் மஞ்சள் வெளிச்சம் அவள் முகத்தில் பாதி விழுந்தது.

"அந்தப் பழுது?"

"இருந்துது. இல்லன்னு சொல்ல மாட்டேன். மடிப்புக்குள்ள வெச்சேன். வந்தவன் ஒருத்தன் கண்ணுலயும் படல."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையை வாயில் வைத்து அடக்கினாள். காசிநாதன் அவள் மடியிலிருந்து சரிந்த பாப்கார்ன் பொட்டலத்தை எடுத்து, நிமிர்த்தி, அவள் கையில் கொடுத்தார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

வெளியே வெயிலில் கண் கூசியது. பதினெட்டு பேரும் மூக்கு சிவந்து நின்றார்கள். சுகாசினி வள்ளியைக் கட்டிக்கொண்டு, "உன் சேலைய பாத்து ஊரே அழுவுதுடி" என்றாள்.

"நைனா, ரெண்டாவது தபா பாத்துட்ட" என்று டேனியல் ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டே கேட்டான். "இப்ப சொல்லு, எப்டி?"

காசிநாதன் தெருவே தன் வாயைப் பார்ப்பதைக் கண்டார். "இன்னாத்த சொல்றது? பத்து வருசம் பொட்டியில கெடந்த பட்டு. மடிப்புல ஒரு கோடு விழல, ஜரிக கறுக்கல. நேத்து எடுத்த மாதிரி இருக்குது. எவன நம்ப சொல்ற?"

எல்லாரும் சிரித்தார்கள். வள்ளிதான் அதிகம் சிரித்தாள். "முந்திய வேற கால்மாட்டுல போட்டுடுச்சி அந்தப் பொண்ணு."

"அதான!" என்றார் காசிநாதன். அது அவர் கண்ணிலும் பட்டிருந்தது. சொன்னால் அவள் மனசு நோகுமே என்று வெள்ளிக்கிழமையிலிருந்து அடக்கி வைத்திருந்தார்.

மற்றவர்கள் நடந்தே கிளம்ப, இவர்கள் இருவரும் ஆட்டோவில் ஏறினார்கள். கச்சபேஸ்வரர் கோயில் தாண்டுகிறவரை வள்ளி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு தறியில் உட்கார்ந்து கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"அத்த வேற இன்னா சொன்னாங்க மாமா? மொதல்லேர்ந்து சொல்லுங்க."

காசிநாதன் கொஞ்சம் யோசித்தார். "மொதல்ல இன்னா, விளக்கு ஏத்திட்டு வந்தா. கையில எண்ண. எண்ணக் கையோட பட்டத் தொடாதடின்னு நான் ஒரு கத்து கத்துனேன்..."

டேனியல் ஆட்டோவை மெதுவாக ஓட்டினான்.